ஏடுகளுக்கு உயிரளித்த சிறுப்பிட்டித் தமிழர்: சி. வை. தாமோதரம்பிள்ளை

பழந்தமிழ்ப் பாடல் ஒன்றைப் படித்து மகிழும்போது அதனை இயற்றிய புலவரை நாம் வியக்கிறோம். உரை இருந்தால் உரையாசிரியரையும் ஓரளவு நினைக்கிறோம். ஆனால் அந்தப் புலவருக்கும் நமக்கும் இடையே பல நூற்றாண்டுகளாக வரிசையாக நின்றவர்களை நாம் நினைப்பதில்லை. பாடலை ஓலையில் எழுதியவர், அவ்வோலை பழுதுற்றபோது புதிய ஓலையிற் பெயர்த்தெழுதியவர், அதனை வீட்டுப் பரணில் வைத்துப் பாதுகாத்தவர், பிரதிகளைத் தேடித் திரட்டி ஒப்புநோக்கியவர், அச்சுக்கூடத்தில் ஒவ்வோர் எழுத்தாகக் கோத்தவர் என அந்த வரிசை நீள்கிறது. இவர்களுள் ஒருவர் தவறியிருந்தாலும் அப்பாடல் நம்மிடம் வந்து சேர்ந்திராது.

இவர்களுள் மிகப் பெரும்பாலோரின் பெயரை இன்று எவரும் அறியார். பெயர் அறியப்பட்ட மிகச் சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணப்பட வேண்டியவர் யாழ்ப்பாணம் சிறுப்பிட்டியைச் சேர்ந்த ராவ் பகதூர் சி. வை. தாமோதரம்பிள்ளை ஆவார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் கலித்தொகையையும் அச்சேற்றித் தமிழுலகின் பொதுச்சொத்தாக்கிய பெருமை அவருடையது. அவர் புதிதாகப் படைத்தவற்றைவிட, பிறர் படைத்தவற்றை அழிவினின்றும் மீட்டமையே அவரை நிலைக்கச் செய்தது.

இளமையும் கல்வியும்

தாமோதரம்பிள்ளை 1832ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம் 12ஆம் திகதி சிறுப்பிட்டியில் வைரவநாதருக்கும் பெருந்தேவிக்கும் மகனாகப் பிறந்தார். இளமையில் சுன்னாகம் முத்துக்குமாரக் கவிராயரிடம் தமிழ் இலக்கண இலக்கியங்களைக் கற்றார். தெல்லிப்பழை அமெரிக்க மிஷன் பாடசாலையிற் பயின்ற பின்னர், அக்காலத்தில் ஆசியாவெங்கும் புகழ்பெற்றிருந்த வட்டுக்கோட்டைச் செமினரியிற் சேர்ந்தார். 1823இல் அமெரிக்க மிஷனரிமார் நிறுவிய அக்கல்விக்கூடத்தில் ஆங்கிலமும் கணிதமும் வானியலும் தமிழோடு சேர்த்துக் கற்பிக்கப்பட்டன.

கிறிஸ்தவச் சூழலில் வளர்ந்த அவருக்குச் சாள்ஸ் வின்சிலோ என்ற ஞானஸ்நானப் பெயரும் இருந்தது. பிற்காலத்தில் அவர் சைவ சமயத்தைத் தழுவினார். எனினும் ஆங்கிலத்தில் அவரது பெயருக்கு முன்னின்ற இரண்டு எழுத்துகளும் பழைய பெயரையே நினைவூட்டி நின்றன. தமிழிலோ சிறுப்பிட்டி என்ற ஊரையும் வைரவநாதர் என்ற தந்தையையும் குறிக்கும் சி. வை. என்ற முதலெழுத்துகள் நிலைத்துவிட்டன.

செமினரிக் கல்வி முடிந்ததும் 1852இல் கோப்பாய்ப் போதனா வித்தியாசாலையில் ஆசிரியரானார். இருபதுகளின் தொடக்கத்திலேயே குமரகுருபரரின் நீதிநெறிவிளக்கத்தை உரையுடன் அச்சிட்டார். பதிப்புப் பணியில் அவர் வைத்த முதல் அடி அது. யாழ்ப்பாணத்தில் அவரது ஆற்றலை அறிந்திருந்த பேர்சிவல் பாதிரியார், சென்னையில் தாம் நடத்திய தினவர்த்தமானி என்ற இதழின் ஆசிரியப் பொறுப்பை ஏற்குமாறு அவரை அழைத்தார். அவ்வழைப்பை ஏற்றுக் கடல் கடந்தவரின் வாழ்வு பெரும்பாலும் தமிழகத்திலேயே கழிந்தது.

1857இல் சென்னைப் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது. அதன் முதற் பட்டதாரிகளாகத் தேறியவர் இருவர். ஒருவர் தாமோதரம்பிள்ளை, மற்றையவர் வட்டுக்கோட்டையில் அவருக்கு ஆசிரியராக இருந்த கறோல் விசுவநாதபிள்ளை. இருவரும் யாழ்ப்பாணத்தவர் என்பது ஈழத்தமிழர் இன்றும் பெருமையுடன் கூறும் செய்தியாகும். ஆயினும் முதற் பட்டதாரி என்ற சிறப்பிலேயே நம்மவர் பலர் நின்றுவிடுகின்றனர். அப்பட்டத்தைப் பெற்றவர் அதன் பின்னர் என்ன செய்தார் என்பதே முக்கியமானது.

அரச சேவையிற் சேர்ந்து கணக்கு அலுவலகத்தில் உயர்பதவி வகித்த அவர் 1871இல் சட்டப் பட்டமும் பெற்றார். பின்னர் கும்பகோணத்தில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் நீதிபதியாகவும் கடமையாற்றினார். செல்வமும் செல்வாக்கும் உள்ள வாழ்க்கை அது. அவர் விரும்பியிருந்தால் அலுவலகம் முடிந்ததும் ஓய்ந்திருக்கலாம். ஆனால் ஓய்வாகக் கழிந்திருக்க வேண்டிய பொழுதுகளை அவர் செல்லரித்த ஏடுகளுக்குக் கொடுத்தார்.

ஓலைச்சுவடியின் அவல நிலை

அவர் செய்த பணியின் அருமையை உணர வேண்டுமாயின், சுவடியைப் படிப்பது எத்தகைய செயல் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

பனையோலை என்றும் நிலைப்பதன்று. நன்கு பேணினால் சில நூற்றாண்டுகள் இருக்கும். பேணாவிடின் கறையானும் இராமபாணப் பூச்சியும் அதனைத் தின்றுவிடும். ஆகவே தலைமுறைதோறும் எவரேனும் ஒருவர் பழைய ஏட்டைப் பார்த்துப் புதிய ஏட்டில் எழுத்தாணியால் எழுதிவைக்க வேண்டும். எழுதுவோர் சோர்ந்தாலோ, அந்நூலைக் கற்போர் அருகினாலோ அந்த நூலின் ஆயுள் முடிந்துவிடும். ஆடிப்பெருக்கில் பழைய ஏடுகளை ஆற்றில் விடுவது புண்ணியம் எனக் கருதிய வழக்கமும் தமிழகத்தில் இருந்தது. இவ்வாறு நீரிற் போனவை எத்தனை என்பதை அறிய இனி வழியில்லை.

தப்பிப் பிழைத்த ஏட்டைப் படிப்பதும் எளிதன்று. ஓலை கிழியும் என்பதால் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் வேறுபாடு காட்டுவதில்லை. எனவே கொடு என்பதும் கோடு என்பதும் ஏட்டில் ஒன்றாகவே தோன்றும். கெடு என்பதும் கேடு என்பதும் அவ்வாறே. ரகரமும் நெடிலைக் குறிக்கும் காலும் ஒரே வடிவின. சொற்களுக்கிடையே இடைவெளி கிடையாது. செய்யுள் எங்கே முடிகிறது, உரை எங்கே தொடங்குகிறது என்பதற்கு அடையாளம் இராது. இடையில் ஓர் ஏடு காணாமற் போயிருந்தால், அடுத்த ஏட்டின் முதல் வரியை முந்திய ஏட்டின் இறுதி வரியோடு சேர்த்துப் பொருள் காண முயன்று நாட்கணக்கில் மயங்க நேரிடும். எழுதியவர் செய்த பிழை அடுத்தவர் கையில் இரட்டித்திருக்கும். இத்தகைய பிரதிகள் பலவற்றை அருகருகே வைத்து, ஒவ்வோர் அடியாக ஒப்பிட்டு, புலவர் எழுதிய சொல் இதுவாகவே இருத்தல் வேண்டும் என்று துணிவதே பதிப்பாசிரியரின் வேலை. அதற்கு இலக்கணப் புலமையும் இலக்கியத் தோய்வும் மட்டும் போதா. எல்லையற்ற பொறுமையும் வேண்டும்.

தாம் கையிலெடுத்த சுவடிகளின் நிலையைத் தாமோதரம்பிள்ளை தம் பதிப்புரைகளில் விவரித்திருக்கிறார். கட்டை அவிழ்க்கும்போதே ஏடுகள் ஒடிவதையும், புரட்டும்போது துண்டாவதையும், எழுத்துகளுக்கிடையே பூச்சிகள் துளையிட்டிருப்பதையும் அவர் வருந்திக் கூறுகிறார். தமிழ்ச் செல்வந்தரை விளித்து, தாயொருத்தி கண்முன்னே சாகும்போது பிள்ளைகள் பார்த்திருக்கலாமா என்ற கருத்துப்பட அவர் விடுத்த வேண்டுகோள் இன்று படித்தாலும் நெஞ்சைத் தொடும். தமிழ் நூல்கள் ஒவ்வொன்றாக அழிவதைத் தம் வாழ்நாளிலேயே நேரிற் கண்டவரின் தவிப்பு அதில் உள்ளது.

பதிப்பித்த நூல்கள்

1868இல் தொல்காப்பியச் சொல்லதிகாரம் சேனாவரையர் உரையுடன் வெளிவந்தது. அதனைப் பரிசோதித்துக் கொடுத்தவர் நல்லூர் ஆறுமுக நாவலர். பதிப்பித்தவர் தாமோதரம்பிள்ளை. நாவலர் 1879இல் மறைந்த பின்னர் அந்தப் பெரும்பொறுப்பு முழுவதும் தம் தோளில் விழுந்ததாகவே அவர் கருதினார். நாவலரின் பிறப்பு நிகழ்ந்திராவிடின் தமிழ் என்னவாகியிருக்கும் என்று வினவி அவர் பாடிய வெண்பாவை யாழ்ப்பாணத்தில் இன்றும் பலர் மனப்பாடமாக அறிவர். தமக்கு முன்னே உழைத்தவருக்குச் செலுத்த வேண்டிய நன்றியை அவர் மறந்தவரல்லர் என்பதற்கு அது சான்று.

1881இல் வீரசோழியம், 1883இல் இறையனார் அகப்பொருளும் தணிகைப்புராணமும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரம், 1887இல் கலித்தொகை, 1889இல் இலக்கண விளக்கமும் சூளாமணியும், 1891இலும் 1892இலும் தொல்காப்பிய எழுத்ததிகாரமும் சொல்லதிகாரமும் நச்சினார்க்கினியர் உரைகளுடன் என அவரது பதிப்புகள் தொடர்ந்தன. எட்டுத்தொகை நூல்களுள் முதலில் அச்சேறியது அவர் பதிப்பித்த கலித்தொகையே. அதற்கு முன்னர் சங்கத் தொகை நூல்களின் பெயர்களை மட்டும் அறிந்திருந்த தமிழ்ப் புலவர் பலர். நூலை முழுமையாகக் கண்ணாற் கண்டவர் மிகச் சிலர்.

இப்பட்டியலிற் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. வீரசோழியம் புத்தமித்திரர் என்ற பௌத்தர் இயற்றிய இலக்கணம். சூளாமணி தோலாமொழித்தேவர் இயற்றிய சமண காவியம். தணிகைப்புராணம் கச்சியப்ப முனிவரின் சைவ நூல். கிறிஸ்தவக் கல்விக்கூடத்தில் வளர்ந்து, சைவராக வாழ்ந்து, சைவப் பற்றுடன் நூல்களும் எழுதிய ஒருவர், பௌத்தரும் சமணரும் தமிழுக்கு ஈந்தவற்றைச் சமயம் நோக்காது காப்பாற்றினார். அழியும் ஏட்டைக் கண்டபோது அது எச்சமயத்தவர் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. அவரது மகன் அழகசுந்தரம் பிற்காலத்தில் கிறிஸ்தவராகி, பிரான்சிஸ் கிங்ஸ்பெரி என்ற பெயருடன் தமிழறிஞராக விளங்கினார் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூரலாம். அவர் சைவ நாயன்மாரின் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கும் பணியில் இணைந்தவர்.

கும்பகோணத்தில் அவர் வாழ்ந்த காலத்திலேதான் அந்நகரின் கல்லூரியில் ஆசிரியராக இருந்த உ. வே. சாமிநாதையர் சீவகசிந்தாமணியை ஆராய்ந்து கொண்டிருந்தார். சிந்தாமணியைத் தாமே பதிப்பிக்க விரும்பித் தாமோதரம்பிள்ளை பிரதியைக் கேட்டதையும், தாம் அதனைக் கொடுக்க இசையாமையையும் ஐயர் தமது சுயசரிதையிற் பதிவு செய்துள்ளார். ஐயரின் சிந்தாமணியும் பிள்ளையின் கலித்தொகையும் ஒரே ஆண்டில், 1887இல் வெளிவந்தன. இருவருக்கும் இடையே போட்டி இருந்ததா என்று விவாதிப்போர் உளர். அப்போட்டியினால் நட்டமடைந்தவர் எவருமிலர். தமிழுக்கு இரண்டு பெருநூல்கள் கிடைத்தன.

பிழையும் பெருமையும்

தாமோதரம்பிள்ளையின் பதிப்புகளிற் குறையே இல்லை என்று கூறுவது அவருக்குச் செய்யும் மரியாதை ஆகாது. பொருளதிகாரம் முழுமைக்கும் உரை எழுதியவர் நச்சினார்க்கினியர் என்று கொண்டு அவர் அதனை வெளியிட்டார். அதன் இறுதி நான்கு இயல்களுக்கு அவர் அச்சிட்ட உரை பேராசிரியருடையது என்பதைப் பின்னர் இரா. இராகவையங்கார் ஆராய்ந்து காட்டினார். இன்று அம்முடிபே ஏற்கப்பட்டுள்ளது.

ஆனால் இராகவையங்கார் அதனை எவ்வாறு கண்டறிந்தார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அந்த உரை அச்சில் வந்து, பல அறிஞர் கைகளிற் சேர்ந்து, ஒரு பகுதியை மற்றொரு பகுதியோடு ஒப்பிட வாய்ப்பு ஏற்பட்டமையினாலேயே அப்பிழை புலப்பட்டது. ஏடு பரணிலேயே கிடந்து மக்கியிருந்தால் பிழையும் இராது, நூலும் இராது. பெரும்புலவர்கள் பழிக்கு அஞ்சித் தயங்கிய வேலையை, குறை நேரும் என்று தெரிந்தும் முதலில் ஏற்றுக்கொள்ளும் துணிவு ஒருவருக்கு வேண்டியிருந்தது. பின்வருவோர் திருத்துவதற்கு ஒரு நூலை விட்டுச் செல்வதே முன்னோடியின் கடமை. தாமோதரம்பிள்ளை அக்கடமையை நிறைவேற்றினார்.

பொருளளவிலும் அவர் எளிதாக இதனைச் செய்யவில்லை. அக்காலத்தில் இத்தகைய நூல்களை விலை கொடுத்து வாங்குவோர் மிகச் சிலரே. அச்சுக்கூலிக்கும் கடதாசிக்கும் உதவி வேண்டிப் பிரபுக்களிடம் அவர் வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. உயர்பதவியும் பட்டமும் பெற்ற ஒருவர் தமக்காக எதனையும் எவரிடமும் கேட்கத் தேவையற்றிருந்தும், ஏடுகளுக்காகக் கையேந்தினார். 1895இல் அரசாங்கம் அவருக்கு ராவ் பகதூர் பட்டத்தை வழங்கியது. 1901ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதலாம் திகதி, தமது 68ஆவது வயதில் சென்னையில் அன்னார் காலமானார்.

தனியொருவர் பணி அன்று

தாமோதரம்பிள்ளையைப் போற்றும்போது அவரைச் சூழ நின்றவர்களையும் மறத்தலாகாது. அவருக்கு ஏடு கொடுத்துதவிய குடும்பத்தார், ஏட்டைப் படித்துச் சொன்ன வித்துவான்கள், கடதாசியில் பெயர்த்தெழுதியவர்கள், தலைகீழாக உள்ள ஈய எழுத்துகளைக் கோத்துப் பக்கமாக்கிய அச்சுக்கூடத் தொழிலாளர் ஆகியோரின் உழைப்பும் அந்நூல்களில் உறைந்துள்ளது. கலித்தொகையின் 150 பாடல்களையும் உரையோடு அச்சுக் கோத்தவரின் விரல்களுக்கும் அந்நூலின் வாழ்வில் ஒரு பங்கு உண்டு. அவரது பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தின் வரலாறும் இதனையே உணர்த்துகிறது. உமறுப்புலவரின் சீறாப்புராணத்தைப் பேசுவோர் அவரை ஆதரித்த வள்ளல் சீதக்காதியையும் அபுல் காசிம் மரைக்காயரையும் குறிப்பிடத் தவறுவதில்லை. ஆனால் ஏட்டில் இருந்த அக்காப்பியத்தின் பிரதிகளைத் தேடிச் சேர்த்து, 1842இல் முதன்முதலாக அச்சிற் கொணர்ந்த செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் புலவரை நினைப்பவர் எத்தனை பேர்? தாமோதரம்பிள்ளை பதிப்புத் துறையில் அடியெடுத்து வைப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு மேல் முற்பட்ட முயற்சி அது. நமது காலத்திற்கு அண்மையில், பாணந்துறையிற் பிறந்த பேராசிரியர் ம. மு. உவைஸ், மறைந்தும் மறந்தும் போகவிருந்த முஸ்லிம் தமிழ்க் காப்பியங்களைத் தேடி, அறிமுகம் செய்து, வரலாறும் எழுதினார். நயினார் லெப்பை ஆலிமும் உவைஸும் தாமோதரம்பிள்ளையும் ஒரே குடும்பத்தவர் என்றே கொள்ளல் வேண்டும்.

நம் கடமை

ஓர் ஏட்டைக் காப்பதற்கு ஒரு வாழ்நாள் தேவைப்படுகிறது. அதனை அழிப்பதற்கு ஓர் இரவு போதுமானது. இதனை இலங்கைத் தமிழருக்கு எவரும் எடுத்துக்கூற வேண்டியதில்லை. 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அதன் பின்னர் வந்த போர்க்காலத்தில் வடக்கிலும் கிழக்கிலும் மக்கள் உடுத்த உடையுடன் இடம்பெயர்ந்தனர். 1990இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் கையில் எடுத்துச் செல்ல முடிந்தது மிகச் சொற்பமே. விட்டுச் சென்ற வீடுகளில் இருந்த கையெழுத்துப் பிரதிகளுக்கும் பழைய நூல்களுக்கும் என்ன நேர்ந்தது என்பதற்குக் கணக்கு ஏதுமில்லை.

இந்த இழப்புக்குப் பின்னரும் தாமோதரம்பிள்ளையின் வழியில் உழைப்போர் நம்மிடையே இல்லாமற் போகவில்லை. 2005இல் தொடங்கப்பட்ட நூலகம் மின்னூல் திட்டம், ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக ஒளிவருடி இணையத்திற் சேர்த்து வருகிறது. எழுத்தாணியின் இடத்தை ஒளிவருடி எடுத்துக்கொண்டது. பக்கத்தைப் புரட்டி வைத்து, அடுத்த பக்கத்திற்குக் காத்திருக்கும் மனிதரின் பொறுமை மட்டும் அன்று போலவே இன்றும் வேண்டப்படுகிறது.

தாமோதரம்பிள்ளைக்கு நன்றி செலுத்துவதெனில் சிலை எழுப்புவதும் விழா எடுப்பதும் மட்டும் போதா. பழைய நூலை மறுபதிப்புச் செய்வோர் முதற் பதிப்பாசிரியரின் பெயரையும் பதிப்புரையையும் நீக்கிவிட்டு வெளியிடும் வழக்கம் ஒழிய வேண்டும். மாணவருக்கு ஒரு பாடலைக் கற்பிக்கும் ஆசிரியர், அது தப்பி வந்த கதையையும் இரண்டு நிமிடம் சொல்லலாம். நம் வீடுகளில், அலமாரியின் அடித்தட்டில், பாட்டனார் எழுதிய கையெழுத்துப் பிரதியோ, வைத்திய ஏடோ, அரபுத்தமிழ்க் கிதாபோ, மரண வீட்டில் வெளியிட்ட கல்வெட்டோ கிடக்கக்கூடும். அதனைப் பழைய கடதாசி என்று எறிந்துவிடாமல், படிக்கத் தெரிந்தவரிடம் ஒரு முறை காட்டலாம்.

சிறுப்பிட்டியிற் பிறந்த ஒருவர் கும்பகோணத்து வீட்டில் இருந்து, ஒடிந்த ஓலையைப் பொருத்திப் பார்த்து ஒரு சொல்லைக் கண்டெடுத்தார். அந்தச் சொல்லை நாம் இன்று தடையின்றி வாசித்துச் செல்கிறோம். அடுத்த முறை கலித்தொகையைத் திறக்கும்போது, முதற் பாடலுக்குச் செல்லுமுன் பதிப்பாசிரியரின் பெயருள்ள பக்கத்தில் ஒரு கணம் நிற்போமாக.